ரைனுக்கு இந்தப் பக்கம் ஒரு ரோம வளைவு

2007 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டார்ம்ஸ்டாட்டில் மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு ஊர் சுற்றத் துணை கிடைப்பது அபூர்வம். நான் வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்தின் சமையல்கட்டில் வேலை செய்யும் அந்தோனி அண்ணை, மன்னாரில் மேசனாக இருந்தவர். மைன்ஸ்-காஸ்டெலில் ரோமர்களின் வெற்றி வளைவு ஒன்றின் அஸ்திவாரம் இருக்கிறது, ஞாயிறு காலை பார்க்கலாம் என்றதும் "வாறன்" என்றார். திட்டம் முழுக்க நான் போட்டது. அதுதான் வினையாகிப் போனது.

9.32க்கு மைன்ஸ் போகும் நேர் ரயில். ஒருவருக்கு 6 யூரோ 40 சென்ட். மைன்ஸில் இறங்கிப் பேருந்தில் காஸ்டெலுக்குத் திரும்பி வருவதாக ஏற்பாடு. அரை மணி நேரம் போயிருக்கும்.

"தம்பி, இது ஆத்தைக் கடக்குமோ?"

"அடுத்த ஸ்டேஷன் தாண்டினா ரைன்தான் அண்ணே. வியூ சூப்பரா இருக்கும்."

"ஐயோ, எனக்கு அங்காலை போக ஏலாது. இறங்குங்கோ!"

கதவு மூடுவதற்குள் குஸ்டாவ்ஸ்பூர்க்கில் குதித்துவிட்டோம். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். டுல்டுங். நாடு கடத்துவதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. நாங்கள் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கிறது. அக்கரையில் இருக்கும் மைன்ஸ் நகரம் வேறு மாநிலம். நெடுநாள் இருப்பவர்களுக்கு வதிவிட அனுமதி தரும் புதிய விதியின் கீழ் அவர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுத்திருந்தார். புதன்கிழமை அதற்காக அதிகாரியைப் பார்க்க டெர்மின். இந்த நேரத்தில் எல்லை தாண்டிப் பிடிபட்டால் என்ன ஆவது? இவரை ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெட் எடுத்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

போதாததற்கு நிலையப் பலகையில் 'மைன்ஸ்-குஸ்டாவ்ஸ்பூர்க்' என்று எழுதியிருந்தது.

"இதுவும் மைன்ஸோ தம்பி?"

நாயோடு வந்த ஒரு பெண்மணியிடம் கேட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆற்றையே எல்லையாக்கியதில் இக்கரை ஊர்கள் ஹெஸ்ஸனுக்கு வந்துவிட்டன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, காஸ்டெலும் அப்படித்தான் என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

"டிக்கெட்டிலை மைன்ஸ் எண்டு கிடக்கு. கிழிச்சுப் போடுங்கோ" என்றார் அண்ணை. கிழித்தேன். காஸ்டெலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நடை. வழியில் ஒரு பாலம் வந்ததும் நின்றுவிட்டார். இது மைன் ஆறு, ரைன் இல்லை என்று வரைபடத்தைக் காட்டிய பிறகுதான் காலெடுத்து வைத்தார்.

வளைவு ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. எண்பதுகளில் கட்டட வேலைக்குத் தோண்டும்போது அகப்பட்டதாம். மேலே ஒன்றும் மிஞ்சவில்லை, பெருங்கற்கள் அடுக்கிய அஸ்திவாரம் மட்டும்தான். மூன்று வாசல்கள், நடு வாசல் அகலம். ரைன் பாலத்திலிருந்து வந்த சாலை இதன் வழியாகப் போயிருக்கிறது. இளம் வயதில் இறந்த தளபதி ஜெர்மானிக்கஸின் நினைவாக எழுப்பியது என்கிறார்கள் சிலர், பிந்திய பேரரசர் ஒருவருடையது என்கிறார்கள் வேறு சிலர். அண்ணை குனிந்து குனிந்து பார்த்தார். "இந்த அத்திவாரத்துக்கு மேலை நாலு மாடி உயரம் நிண்டிருக்கும்." அந்தப் பத்து நிமிடம்தான் அவர் முகத்தில் பயம் இல்லை.

அங்கிருந்த காப்பாளர், ரைன் பாலத்தைக் கடந்தால் இன்னொரு ரோம வளைவின் நகல் முழுசாக நிற்கிறது என்றார். மூல வளைவு, ரோமர் காலத்தில் ஒரு தந்தை கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்து, மகன்கள் நிறைவேற்றியது. வளைவு நெடுக ராசிச் சின்னங்கள்.

"நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ. கல்லுகளைக் கிட்டப் போய்ப் படமெடுங்கோ" என்று அண்ணை கரையோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பதினொரு படம் எடுத்துத் திரும்பினேன். பெஞ்சில் ஆள் இல்லை. கரை நெடுக ஓடித் தேடினேன். காஸ்டெல் ரயில் நிலையத்தில் ஒரு தூணோரம் நின்றிருந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் கரையோரம் நடந்து வந்தார்களாம். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

உங்களோடு வருபவரின் தாளில் 'ஹெஸ்ஸன்' என்று இருந்தால் நேர் ரயிலை மறந்துவிடுங்கள். பிராங்க்பர்ட் போய்க் காஸ்டெலுக்கு S1 புறநகர் ரயிலைப் பிடியுங்கள். சுற்றுதான், ஆனால் ரைனைக் கடக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடம் கேளுங்கள்.

நாங்களும் S1-இல்தான் திரும்பினோம். கேமராவில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர், "பின்பக்கம் எடுக்கேல்லையோ?" என்றார்.

"அவசரத்துல விட்டுட்டேன் அண்ணே. சாரி."

"பறவாயில்லை. பின்பக்கத்தை நான் போய்ப் பாக்கிறன்."

நாளை புதன். காலை எட்டரைக்கு அவருக்கு டெர்மின்.