தோற்றவர்களையும் கூப்பிடுங்கள்

போன வாரம் காம்பாரிலிருந்து என் தம்பி மகள் வந்திருந்தாள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தர உறுதிப் பிரிவில் வேலை. ஏதோ ஒரு பட்டப்படிப்பின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் குழு வரப்போகிறதாம். ஒரு கண்ணை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஈப்போ ஞாபகம் வந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கக் கூடாது. அந்த நாளில் தேர்வுத் தாளையெல்லாம் மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்துதான் படி எடுப்போம். எழுத்து பிசகினால் அதன்மேல் தடவ ஒரு சிவப்புத் திரவம் உண்டு. அசல் நகச்சாய வாடை. மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் வரும் பாட்டில் எனக்கு ஒரு தேர்வுக்கே பற்றாது. கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தவளுக்குத் தட்டச்சு எதற்கு என்று நானே எனக்கு நியாயம் சொல்லிக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஈப்போவில் ஒரு கடை வரிசையின் மாடியில் எங்கள் தனியார் கல்லூரி இருந்தது. கீழே டயர் கடை. மத்தியான வெயிலில் டயர் வாடை படியேறி வந்து முன் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து பொறியியல் பட்டப்படிப்பு தொடங்கியிருந்தோம். முதல் இரண்டு வருஷம் எங்களிடம், கடைசி வருஷம் அங்கே. ஆனால் அங்கிருந்து ஒரு குழு வந்து பார்த்து, எங்கள் படிப்பு தங்கள் படிப்புக்கு ஈடுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை. பிள்ளைகளோ சேர்ந்து முதல் வருஷத்தை முடித்தே விட்டார்கள். குழு வேண்டாமென்று சொல்லிவிட்டால் அவர்கள் படித்ததெல்லாம் வீண்.

பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். குணசேகரன், எங்களுக்கு வெறும் குணா, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருவான். வாய் திறந்து பேசவே மாட்டான். கேள்வி கேட்டால் என் செருப்பைப் பார்த்துப் பதில் சொல்வான்.

அந்த முதல் வருஷக் கணக்குத் தேர்வில் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு தோற்றுப்போனது. குணா நன்றாகவே தோற்றிருந்தான். முதல்வர் தங்கராஜா சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனிதர், தன் வீட்டை அடகு வைக்காத குறையாக அந்தக் கல்லூரியை நடத்தினார். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மதிப்பெண் ஏற்றிப் போட்டுவிடலாமே என்று என்னிடமும் அற்புதத்திடமும் கேட்டார். அற்புதம் மின்சுற்றுப் பாடம் நடத்தியவள், கணக்குத் தாளையும் என்னோடு திருத்துவாள். என் வயதுதான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் குரல் அவளுடையது. அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"இங்க தள்ளி விட்டா அங்க போயி விழுவானுங்க சார். அங்க தூக்கி விட ஆளு இல்ல."

நானும் மாட்டேன் என்றேன். என் குரல் அவ்வளவு உறுதியாக வரவில்லை, கீச்சென்று வந்தது. ஆனாலும் மாட்டேன் என்றேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகள் எங்களுக்கு இல்லாமல் போயின. தோற்ற பிள்ளைகளை உட்கார வைத்து அடியிலிருந்து ஆரம்பித்தோம். அற்புதம் வீட்டிலிருந்து உருளைக்கிழங்குக் கறி அடைத்த கறிபாப் சுட்டுக்கொண்டு வருவாள். இரண்டாவது தேர்வுக்கு முன்னதைவிடக் கடினமான தாள் தயாரித்தோம். விடைகளை நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் திருத்தினோம். பிறகு ஒப்பிட்டுப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டோம். பெரும்பாலும் அவளே ஜெயிப்பாள். ஒருவனைத் தவிர எல்லாரும் தேறினார்கள், குணாவும்தான்.

குழு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்று நான் புதுச் சேலை கட்டிப் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். வந்தவர்கள் மூன்று பேர். தலைவி வெள்ளைத் தலைமுடிக்கார அம்மாள். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். முதல்வர் கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பார்த்து முன்னால் நிறுத்தியிருந்தார். முதல் தடவை தோற்றவர்களுக்கு அன்று விடுமுறை என்று முந்தின நாளே சொல்லி அனுப்பிவிட்டாராம். எங்களுக்கே அன்று காலையில்தான் தெரியும்.

அந்த அம்மாள் கெட்டிக்காரர்களிடம் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இங்கே தோற்றுப்போனவர்கள் யாரும் இல்லையா, அவர்களையும் பார்க்க வேண்டும் என்றார். முதல்வர் விடுமுறை என்று இழுத்தார். சாயங்காலம் வரை இருப்போம், ஒருவரையாவது அழைத்து வாருங்கள் என்று அந்த அம்மாள் முடித்துவிட்டார்.

முதல்வர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அற்புதத்தின் கையில் வைத்தார். "போயி கூட்டியாங்க. நா பண்ணது பிசகு" என்றார்.

அற்புதம் ஓட்டினாள். பாலத்தருகே ஒரு லாரி மறித்தபோது அவள் வாயிலிருந்து தேவாலயத்தில் பாடாத சொல் ஒன்று வந்தது. தோட்டத்தில் குணா அம்மாவுக்கு ஒத்தாசையாக ரப்பர் பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு, நிறுவைக் கொட்டகையை நோக்கி வந்துகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றான். நேரமில்லை என்று அற்புதம் கார்க் கதவைத் திறந்தாள். அவன் அம்மா வாளியை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாய்யா, நா பாத்துக்கிறேன்" என்றார்.

முழங்கையில் காய்ந்த ரப்பர் பாலோடு குணா அந்த மேசை முன்னால் போய் நின்றான். அறை முழுக்கப் பால் வாடை. தலைவி ஆங்கிலத்தில் கேட்டார்: நீ தோற்றாயே, அந்த மதிப்பெண் சரிதானா? அவன் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசியதை நான் அன்றுதான் முதல் முறையாகக் கண்டேன். சரிதான், எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்றான். இப்போது? இப்போது தெரியும். அப்படியானால் நீ தோற்ற அதே கணக்கைப் பலகையில் போடு என்றார்.

போட ஆரம்பித்தான். பாதியில் சுண்ணக்கட்டி நின்றது. நான் அற்புதத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். நகம் பதிந்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். குணா ஒரு வரியை உள்ளங்கையால் அழித்தான். கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கினான். மளமளவென்று கீழே இறங்கி விடையை எழுதி அடிக்கோடிட்டான். பிறகு, கேட்காமலே, அந்த இடத்தில் எல்லாரும் ஏன் பிசகுவார்கள் என்று விளக்க ஆரம்பித்துவிட்டான். நிறுத்தவே இல்லை. அத்தனை நாளாக அவனுக்குள் இவ்வளவு ஆங்கிலம் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்த அம்மாள் விடைத்தாள்களை, தோற்றவை தேறியவை இரண்டையும், கேட்டு வாங்கிப் படித்தார். ஆய்வுக்கூடத்துக்கு இன்னும் ஒரு தொகுதிக் கருவிகள் வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மற்றபடி உங்கள் பிள்ளைகள் எங்கள் மூன்றாம் வருஷத்துக்கு நேராக வரலாம் என்றார். போகும் இடங்களிலெல்லாம் முதல் மாணவனைக் காட்டுகிறார்கள், தோற்றவனைத் தூக்கிவிட்டதை இங்கேதான் பார்த்தேன் என்றும் சொன்னார். முதல்வர் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். உள்ளூர அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், காது சிவந்திருந்தது.

குணாவை அவரே காரில் கொண்டுபோய் விட்டார். நாங்களும் பின்னால் ஏறிக்கொண்டோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் அவன் அம்மா நின்றுகொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார்.

"பாஸ்மா" என்றான் குணா. "நா மட்டும் இல்ல, காலேஜே பாஸ்."

பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். யாரோ தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். கல்லூரிக்கா, பையனுக்கா என்று யாரும் கேட்கவில்லை. அற்புதம் அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். தங்கராஜா சார் தோட்டத்துக் கோப்பியை இரண்டு குவளை குடித்தார். திரும்பி வரும்போது கார் முழுக்கச் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தோம். நான் பாடினால் நாய் குரைக்கும் என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த லயங்களை இடித்துவிட்டார்கள். தோட்டம் இப்போது இரட்டை மாடி வீடுகள். தங்கராஜா சார் காலமாகிவிட்டார். அற்புதம் பாரிட் புந்தாரில் மகனோடு இருக்கிறாள். போனில் பேசினால் இன்னும் அவளே ஜெயிக்கிறாள். கல்லூரியை மூடி வெகுகாலம் ஆகிறது. மாடியில் மெத்தைக் கடை. போன வருஷம் ஏறிப் பார்த்தேன். கரும்பலகை இருந்த சுவரில் தலையணைகள் அடுக்கியிருந்தன. கடைப் பெண் எந்த அளவு வேண்டும் என்று கேட்டாள். ஒற்றைக் கட்டில் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூடிய கல்லூரிதான். ஆனால் அங்கே படித்துப் பட்டம் வாங்கியவர்களில் ஒருவருடைய சான்றிதழைக்கூட இன்றுவரை யாரும் செல்லாது என்று திருப்பி அனுப்பியதில்லை.