பெயரைக் கூவிய வீரன்

பழைய கிரேக்கக் காவியத்தில் வரும் ஒரு கடலோடி வீரன்மேல் என் தோழனுக்கு அப்படியொரு பித்து. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் கனடாவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி தூக்கிவிட்டு வருபவன், நூலகப் புத்தகத்தைத் திறந்து ஒரே இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பான். ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் அகப்பட்ட வீரன் பெயரை மறைத்துத் தப்புகிறான். கப்பல் கரையை விட்டதும் திரும்பி நின்று, தன் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் அரக்கனுக்குக் கேட்கக் கூவுகிறான். அந்தப் பெயரைச் சொல்லியே அரக்கன் சாபமிட, கூட வந்தவர்கள் எல்லோரும் கடலில் அழிகிறார்கள்.

“மனுசன் எண்டா அப்பிடி இருக்கவேணும்,” என்பான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை மூடிக்கொண்டு போயிருந்தால், கூட வந்தவர்களாவது பிழைத்திருப்பார்கள் என்று சண்டை பிடிப்பேன். உண்மையில் என் சண்டை கிரேக்கனோடு அல்ல. ஊரில் எங்கள் போராளி இயக்கத்தை இன்னொரு இயக்கம் அழித்தபோது எங்கள் இருவரையும் பிடித்து அடைத்துவைத்தார்கள். தப்பியோடி, வேறு பெயர்களில் கனடா வந்து சேர்ந்தோம். அம்மா இன்னும் அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த ஊரில் தனியாக இருந்தார். நான் உயிரோடு இருப்பது தெரிந்தால் அவரைத்தான் கொண்டுபோய் விசாரிப்பார்கள். அந்தப் பயத்தில் கடிதம்கூட வேறொருவர் பெயரில்தான் போடுவேன்.

ஒரு சனிக்கிழமை தமிழ்க் கடையில் மீனும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். எங்கள் காருக்குப் பக்கத்தில் ஒருவன் சாமான் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஊரில் எங்களைப் பூட்டிவைத்த அறையின் திறப்பு அவன் கையில்தான் இருந்தது. எங்களை நிமிர்ந்து பார்த்தான், ஆனால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்போது நாங்கள் தாடியும் எலும்புமாய் இருந்தவர்கள். தோழனைத் தள்ளி ஏற்றிக் காரைக் கிளப்பினேன்.

கார் உருளத் தொடங்கியதும் தோழன் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாமடா என்று கெஞ்சினேன். தலையை வெளியே நீட்டித் தன் சொந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் கூவினான். இத்தனை வருசமாய் அடைத்துக்கொண்டிருந்த குரல். அவனைப் போட்டு அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

முன்னால் நின்ற ஒரு வான் பின்னுக்கு வந்து வழியை அடைத்துவிட்டது. அந்த மனிதன் ஆறுதலாக நடந்து வந்து திறந்திருந்த கண்ணாடியருகே குனிந்தான். முகத்தில் கோபமே இல்லை. தோழனைக் கவனிக்கவும் இல்லை. தோழனோடு அடைபட்டிருந்த மற்றவன் யார் என்று யோசிப்பவனைப்போல என்னையே நேரமெடுத்துப் பார்த்தான்.

“இப்பத்தான் பிடிபடுது,” என்றான். “உம்மடை அம்மா ஊரிலை தனியத்தானே இருக்கிறா? சுகமோ?”

“ஓம், சுகம்,” என்றேன்.