மாஸ்டர் சொன்ன சாட்சி

தையல் மாஸ்டர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். பட்டன் தைப்பதில் தொடங்கி, நான்கு மிஷின் ஓடும் சொந்தக் கடை வைத்தார். யார் தயவும் இல்லாமல் இப்படி நிமிர்வது லேசான காரியமா? ஞாயிறுதோறும் தேவாலயத்தில் சபை முன் எழுந்து, “பொய் சொல்லாம முன்னுக்கு வந்தவன் நான்” என்று சாட்சி சொல்வார். ஒருநாள் அதைக் கேட்டு அவர் மனைவியே சிரித்துவிட்டாள்.

“எதுக்குச் சிரிச்ச?” என்றார், வீட்டுக்கு வந்ததும்.

“துணி மூட்டையவே பிரிச்சிருக்க மாட்டீங்க. வர்றவங்ககிட்டயெல்லாம் ‘நாளைக்கு ரெடி’ம்பீங்க.”

“அது பொய்யா? தொழில் பேச்சு.”

“அப்ப அதையும் சாட்சியில சேத்துக்கங்க.”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. இனி உண்மைதான் பேசுவது, இல்லையென்றால் சாட்சிக்கே எழுவதில்லை என்று முடிவுகட்டினார். மறுநாள் கடைக்கு முதல் ஆளாகப் போதகர் வந்து, தைக்கக் கொடுத்த அங்கியைக் கேட்டார்.

“ஐயா, இன்னும் துணியையே வெட்டல. ரெண்டு வாரம் ஆகும்.”

போதகர் முகம் சுருங்கியது. “எப்பவும்போல நாளைக்குன்னு சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருப்பேனே, மாஸ்டர்” என்று துணியை வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கிருந்தவர் “நாளைக்கு வாங்க ஐயா” என்றதும் திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு, பழைய அங்கியிலேயே நின்ற போதகர், “மாஸ்டர், உங்க சாட்சி” என்று அழைத்தார்.

மாஸ்டர் எழுந்தார். நடந்ததைச் சொன்னால் போதகர் மானம் போகும். பழையதைச் சொன்னால் மனைவி சிரிப்பாள். எது சரி என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

“ஒரு பாட்டு பாடலாம்” என்றார். அவருக்குப் பாடவும் வராது.