மேல்வீட்டுச் சொட்டு

வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள் என்று போனில் யாரோ சொன்னதை நம்பி, நர்சரியிலிருந்து நாலைந்து தொட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். திருவொற்றியூரில் எங்கள் ஃபிளாட்டுக்குள் மணலி ஃபேக்டரிகளின் காற்று யாரையும் கேட்காமல் நுழையும். சில நாள் அழுகின முட்டை நாற்றம், சில நாள் காஸ் கசிந்த நாற்றம். செடிகள் அதையெல்லாம் குடித்துவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

குடித்தனவோ இல்லையோ, சாக ஆரம்பித்தன. முதலில் ஸ்பைடர் பிளான்ட். பச்சையும் வெள்ளையுமான அதன் இலை நுனிகள் பீடியால் சுட்டதுபோலக் கருகின. வந்த எரிச்சலில் அதைத் தூக்கிச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் வைத்தேன். எறியவும் மனசில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

அந்த சன்ஷேடின் மேல் எனக்கு ஏற்கெனவே கடுப்பு. மேல்வீட்டு ஏ.சி. தண்ணீர் அங்கேதான் சொட்டும். டொக், டொக் என்று நாள் முழுக்க.

"அக்கா, ஒரு டியூபு போட்டு உட்டா இன்னா?" என்று மேல்வீட்டு அக்காவைப் படியில் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வேன்.

"போடறேம்மே, போடறேன்" என்பார். போட்டபாடில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஜன்னல் கம்பியைத் துடைக்கும்போது பார்த்தால், நான் தள்ளிவைத்த செடி குட்டி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ராஜ உபசாரத்தில் இருந்ததெல்லாம் வாடிக்கிடக்க, வெளியே அநாதையாகக் கிடந்ததற்கு இத்தனை மினுமினுப்பா? எனக்குத் தூக்கம் போய்விட்டது. வெளிச்சம்தான் காரணம் என்று இன்னொரு தொட்டியைப் பக்கத்திலேயே வைத்து, வழக்கம்போல போர்வெல் தண்ணீர் ஊற்றினேன். அதே வெளிச்சம், அதே காற்று. அது மட்டும் கருகியது. அதன் மண்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சொட்டு விழும் தொட்டியில் அது இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அப்புறம் சும்மா இருந்திருக்கலாம். கையை நீட்டி ஏ.சி. சொட்டையும் பிடித்து நக்கிப் பார்த்தேன். அதில் உப்பே இல்லை.

"முத்திப்போச்சு" என்றார், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து எல்லாத் தொட்டிகளும் முறைவைத்து சன்ஷேடுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தன. டியூப் பேச்சை நானும் நைசாக நிறுத்திவிட்டேன்.

மார்கழி வந்தது. ஃபேனையே ஒன்றில் வைத்துத் தூங்கும் காலம். இனி சொட்டு நின்றுவிடும், செடிகளுக்கு என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டால், அது நிற்கவில்லை. மெதுவாக விழுந்தது, ஆனால் விழுந்துகொண்டே இருந்தது. இந்தக் குளிரில் யார் ஏ.சி. போடுகிறார்கள்? இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் மேலே போனேன்.

எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். மணலிப் பக்கம் மூட்டை ஏற்றி இறக்கியே காலம் கழித்தவர். ஒவ்வொரு மூச்சையும் உழைத்து இழுத்தார்.

"ஜன்னல தொறந்தா அந்த நாத்தத்துல மூச்சு முட்டுது. சாத்துனா புழுங்குதுன்றாரு. அதான் இத ஓட்டிகினு கீறேன்" என்றார் அக்கா.

கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகு காலையில் டீ போடும்போதெல்லாம் காது தானாக ஜன்னல் பக்கம் போய்விடும். டொக் என்று கேட்டால்தான் பாலை அடுப்பில் வைப்பேன்.

ஒரு காலை, சத்தம் இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சன்ஷேடு காய்ந்து கிடந்தது. கரண்டு போயிருக்குமோ என்று பார்த்தால் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஏ.சி.யை அணைத்துவிட்டார்கள். யாருக்காக ஓடியதோ அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை, படியேறி ஓடினேன். கதவைப் படபடவென்று தட்டினேன்.

அக்கா ஈரக் கையோடு கதவைத் திறந்தார். "இன்னாம்மே, இப்டி மூச்சு வாங்குது?"

"அண்ணன் எப்டி கீறாரு? சொட்டு நின்னுபோச்சே!"

"நீதான டியூபு போடு போடுன்னு உசுர வாங்குன? நேத்து மெக்கானிக்கு வந்தான், போட்டுட்டேன். நீ தொட்டிய மாத்தி மாத்தி வெக்கறத மேலேருந்து பாத்துகினுதான கீறேன், தோ பாரு, உன் செடிக்குத்தான் புடிச்சி வெச்சிக்கீறேன்." பால்கனி ஓரத்தில் ஒரு பக்கெட், பாதிக்கு மேல் தண்ணீர்.

உள்ளே கட்டிலில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொட்டு விழுகிறது என்று அத்தனை சண்டை போட்டவள் நான்தான்.

"அக்கா, அந்த டியூப கழட்டிடுக்கா."

"இன்னாத்துக்கு?"

"சத்தம் கேக்கலன்னா பயமா கீது."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். பால்கனிக்குப் போய், நேற்றுப் போட்ட டியூபைக் கையாலேயே இழுத்துப் பிடுங்கினார்.