பல்செட் செய்பவளின் பளிங்கு

கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த பல் லேபில்தான் அவளுக்கு வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவாள். மெழுகில் பற்களை வரிசையாக நடுவாள். கடைசியில் தேய்த்து மெருகேற்றிப் பல்செட்டாக அனுப்பி வைப்பாள். கடிக்கிறது, குத்துகிறது, சிரித்தால் கழன்றுகொள்கிறது என்று பாதி திரும்பி வரும். மறுபடி உட்கார்ந்து ராவ வேண்டும். நன்றாக அமைந்தது திரும்பி வராது, அதைப் பற்றிய சேதியும் வராது. வாயை மூடினால் கண்ணில் படாத பொருள், போட்டிருந்தவர் போய்ச்சேர்ந்தால் குப்பைக்குப் போகிற பொருள். இத்தனை வருஷமாக இதைத்தானே செய்கிறோம் என்று ஒருநாள் துணி உலர்த்தும்போது அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார் வாய்க்கும் பொருந்த வேண்டாத ஒன்றை, போட்ட இடத்தில் கிடக்கிற ஒன்றைச் செய்யப் போவதாகக் கணவனிடம் சொன்னாள்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை இடிக்கிறார்கள் என்று தன்னிடம் படிப்பவர் மூலம் தெரிந்துகொண்டு, தூணுக்கு அடியில் இருந்த பளிங்குத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். பயிற்சி காரில் ஏற்றியதும் பின்பக்கம் தரையைத் தொடாத குறையாக அமுங்கியது. அவர்கள் வீடு மாடியில். வாசல்வரை நகர்த்தி வந்த கல் மாடிப்படியைப் பார்த்ததும் மக்கர் பண்ணியது. தள்ளியவர்கள் எல்லோரும் திட்டித் தீர்த்துவிட்டு, படிக்கட்டின் அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

எதைச் செதுக்குவது என்பதில் குழப்பமில்லை. அவளுடைய நாத்தனார் அவர்களுடன்தான் இருந்தாள். தொலைபேசியில் ஊரார் புகாரையெல்லாம் கேட்கும் உத்தியோகம். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் கைகளை மடக்கி, அதன்மேல் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். அந்தத் தோரணையைத்தான் இவள் லேப் பிளாஸ்டரில் உள்ளங்கை அளவுக்குச் செய்து பார்த்தாள். அச்சு அசலாக வந்தது. பிளாஸ்டரில் தப்பாக வெட்டினாலும் கொஞ்சம் அப்பிக்கொள்ளலாமே. அந்தத் தைரியத்தில் உளியோடு கல்லுக்கு வந்தாள். கல்லில் போனது போனதுதான்.

சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்தார். தன் சுவரில் மாட்டிய கடிகாரம் அதிர்ந்து விழுகிறது, மனைவிக்கு ஏற்கெனவே முழங்கால் வலி, இப்போது தலைவலியும் சேர்ந்துகொண்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அவர் குட்டித் தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் சுத்தியலைத் தொடலாம் என்று முடிவானது. ஆகவே அவள் வாரம் முழுக்கப் பல்லைத் தேய்த்தபடி கல்லை நினைத்துக்கொண்டிருப்பாள். ஞாயிறு வந்தால் கை தயங்கும். பக்கத்தில் மோடா போட்டு உட்கார்ந்திருக்கும் கணவனோ, அவள் ஓங்கும்போதெல்லாம் தொழில் பழக்கத்தில் வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்துவார்.

"ஏங்க, தயவுசெஞ்சு மேல போங்க. உங்க காலைப் பார்த்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

கன்னம் வரும் இடத்தில் கல்லுக்குள்ளிருந்து பழுப்பாக ஒரு கோடு கிளம்பியது. அவள் அதற்குப் பயந்து தள்ளித் தள்ளி வெட்ட, காது கையோடு வந்துவிட்டது. கல்லை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்தால், காரின் நசுங்கலுக்குப் பட்டி பார்க்கிற மாவைக் குழைத்துக் கணவன் காதை ஒட்டி வைத்திருந்தார். சாம்பல் நிறத்தில் பணியாரம் போல இருந்தது.

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"உடைஞ்சதுன்னு வருத்தப்பட்டியே, அதான்."

"உடைஞ்சதாவது என்னோடதா இருந்துச்சு."

அவர் மாடி ஏறினார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கும் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அந்த மாவைச் சுரண்டி எடுக்கும்வரை கோபம் அடங்கவில்லை.

காது இருந்த இடத்தில் முடி விழுந்து மூடியதுபோல் மாற்றினாள். அதற்காக நெற்றியை உள்ளே தள்ள வேண்டியிருந்தது. நெற்றி போனதால் மூக்கு துருத்தியது. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று குறைந்துகொண்டே போனது. ஒரு ஞாயிறு நாத்தனார் இறங்கி வந்து, கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இது தூங்குற மாதிரி இல்ல, பல்வலியில படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

நாத்தனார் சொன்னது உண்மை என்பதுதான் அவளுக்கு எரிச்சல். பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடிவிட்டு, மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பவில்லை. மோட்டார் போடப் போகும்போது மட்டும் அதில் கால் விரலை இடித்துக்கொண்டாள். கடைசியில் அந்த வலி தாங்காமல்தான் போர்வையை எடுத்தாள். முகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, தோளையும் மடக்கிய கையையும் பிடித்துக்கொண்டாள். முதலில் அரம், பிறகு உப்புத்தாள், பிறகு ஈரத் துணி. மணிக்கட்டு கடுத்தது. மருத்துவர் அனுப்பிய அவசரப் பல்செட் ஒன்றுகூட அதனால் தாமதமானது. ஒருநாள் இனி எடுக்க எதுவும் இல்லை என்று கை தானாக நின்றது. முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்ல வாய் வரவில்லை. கணவனிடம், "போதும், விட்டுட்டேன்" என்றாள். நன்றாகத்தானே இருக்கிறது என்று சொன்ன அவரையும் முறைத்தாள்.

மேலே கொண்டுபோக ஆளில்லாமல் சிலை அங்கேயே கிடந்தது. கொஞ்ச நாளில் தோளில் அழுக்கு ஏறுவதைக் கண்டாள். துடைத்தாள், மறுபடி வந்தது. யார் வேலை என்று பார்க்கக் காத்திருந்தவள் கையில் கீழ்வீட்டுக்காரரின் மனைவி அகப்பட்டார். மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போகிறவர், முதல் படியில் கால் வைக்குமுன் சிலையின் தோளை அழுத்திப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பிடிச்சு ஏறத்தான் அந்தப் பக்கம் கம்பி இருக்கே."

"கம்பி குளிருது, வழுக்குது. இது இருக்கு பாரு, இந்தத் தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும், கைக்கு எவ்வளவு வாகா இருக்கு. முகத்தையெல்லாம் நான் பார்க்கிறதில்லம்மா."

எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டாவது தொடுங்கள் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள். அவர் மெல்ல மேலே ஏறி மறைந்ததும் அதே இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தபோது பழையபடி எரிச்சல் வந்தது. கையை எடுக்க மனமில்லாமல், வேலைக்கு நேரமாகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு நின்றாள்.