ஒற்றை ஆப்பு நாற்காலி

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அது என் கணவருக்கு. அவர் இல்லாதபோதும் அவருக்குத்தான். எண்பதுகளில், மாரண்டஹள்ளியில், வாத்தியார் மனைவிக்குத் தரை போதும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அதனால் எனக்கென்று ஒன்று செய்தேன். நான் தச்சர் மகள். உளி எனக்குப் புதிதல்ல. சட்டம் வாகை மரம். சாய்வதற்குக் காடாத் துணி, சித்தேரி மலைக் கடுக்காயில் நானே சாயமேற்றியது. கை வைக்கும் இடத்தில், கொல்லையில் சுட்டெடுத்த மண் வில்லைகளைப் பொருத்தினேன். வெயிலில் வந்து உள்ளங்கையை வைத்தால் குளுகுளுவென்றிருக்கும். ஆணியே கிடையாது. முதுகுப்பக்கம் ஒரே ஒரு ஆப்பு. அதை உருவினால் மொத்தமும் கழன்றுவிடும்.

தருமபுரியில் கைவினைக் கண்காட்சி என்றார்கள். பிரித்துக் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். அவரை அங்கே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் நாற்காலியைக் காணோம். மரச்சட்டம் தச்சு அறையில், ‘வாத்தியார் செய்தது’ என்ற சீட்டோடு. துணி மகளிர் அறைச் சுவரில், மூலைக்கு மூலை ஆணி அடித்து. வில்லைகள் மண்பாண்ட மேசையில், அவற்றின்மேல் யாரோ குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸ்.

“நீங்களா செஞ்சீங்க?” என்று அவரைக் கேட்டேன்.

“அவங்களா எழுதிக்கிட்டாங்க. பொம்பள மரவேல செஞ்சான்னா எவன் நம்புவான்? வுடு.”

வகுப்பில் ஒரு பையன் இருமினாலும் கூரை பறக்கக் கத்துகிற மனுஷன். அன்றைக்கு, சீட்டு எழுதினவர்கள் முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

நான் விடவில்லை. துணியைப் பிடுங்கினேன், பொத்தல் பொத்தலாக வந்தது. கிளாஸைத் தள்ளி வைத்து வில்லைகளை முந்தானையால் துடைத்தேன். சட்டத்தை இழுத்துவந்து நட்டநடு வழியில் பூட்டி, செருப்பால் ஆப்பை அடித்து இறக்கி, உட்கார்ந்தேன்.

கண்காட்சி நடத்துபவர் ஓடிவந்தார். “அம்மா, வழியில உக்காராதீங்க. ஆபீசருங்க வர்ற நேரமுங்க.”

“எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க,” என்றார் இவர்.

“பாக்கறதுக்குத்தானேங்க கண்காட்சி.”

ஆபீசர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வாத்தியார் நிற்கிறாரே என்று அவருக்கு மட்டும் உள்ளேயிருந்து ஒரு சேர் வந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலமே அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிப் போட்டேன். மறுநாள் காலை பாத்திரம் கழுவிவிட்டு உள்ளே வந்தால், என் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்குற. கை ஜில்லுனு இருக்குது.”

“எந்திரிங்க.”

“இரு, இந்தப் பக்கத்த முடிச்சுக்கறேன்.”

நான் பின்பக்கமாகப் போய் ஆப்பை உருவினேன்.