ஐந்துக்கு ஐந்து

மேரிசெல்வி, வயது நாற்பத்தெட்டு. தொழில்: மரக்காணம் உப்பளத்தில் கூலி. கல்வி: எட்டாம் வகுப்பு. பொழுதுபோக்கு: இல்லை. வெளிநாட்டுத் தொடர்பு: இல்லை.

கடலோரக் குடும்பங்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்புப் படிவத்தில் இப்படித்தான் இருக்கிறது. கேள்வி கேட்க வந்த பெண்ணின்மேல் குற்றமில்லை. பதில் சொன்ன கணவன் அசோகனும் பொய் சொல்லவில்லை. வெளிநாட்டில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றான். அப்போது அவன் தலைக்கு மேலே பரணில், பதினேழு நாட்டு வானொலி நிலையங்கள் அவன் மனைவி பெயருக்கு அனுப்பிய வண்ண அட்டைகள் ஓர் அரிசிச் சாக்கில் கிடந்தன. மேரிசெல்வி உப்பு வாரப் போயிருந்தாள்.

சிற்றலை வானொலி கேட்பது பொறுமைசாலிகளின் பொழுதுபோக்கு என்பார்கள். மேரிசெல்விக்குப் பொறுமை கிடையாது. பேருந்து வர ஐந்து நிமிடம் ஆனால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவாள். சோறு கொதிப்பதற்குள் மூன்று முறை மூடியைத் திறப்பாள். அவள் ஓரிடத்தில் அசையாமல் உட்காருவது மாலை ஆறரை முதல் ஏழு மணி வரைதான். அந்த அரை மணி நேரம், ஐரோப்பாவின் ஒரு குளிர் நாட்டிலிருந்து தமிழ் ஒலிபரப்பு வரும். உடம்பெல்லாம் உப்புக் காந்தல் எரிய உட்கார்ந்து, அந்த ஊரில் நேற்று மைனஸ் பதினெட்டு என்று கேட்பதில் அவளுக்கு என்ன கிடைத்ததோ, பத்தொன்பது வருடம் விடாமல் கேட்டாள்.

மற்ற நாட்டு நிலையங்களை வேலைக்கு நடுவே நடமாடிக்கொண்டே கேட்பாள். கேட்டதோடு நிற்கவில்லை. அறிக்கையும் எழுதினாள். ஒலிபரப்பு எப்படி எட்டுகிறது என்று நேயர்கள் நிலையத்துக்கு எழுதி அனுப்புவதும், நிலையம் நன்றிக்கு ஒரு வண்ண அட்டை அனுப்புவதும் உலக வழக்கம். சிக்னல் பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத்தில் எப்படி என்று ஐந்து வகைக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். உலக வழக்கம் அப்படி. நம் நேயர் மன்றங்களின் வழக்கம் வேறு. எல்லாவற்றுக்கும் ஐந்து. கூடவே, "ஒலித்தெளிவு மிக மிக அருமை" என்று ஒரு வரி.

அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஊரான பிரம்மதேசத்து விவசாயி புருஷோத்தமன், நேயர் மன்றத் தலைவர். மேரிசெல்வி செயலாளர். கடிதத் தாளின் தலைப்பில் உறுப்பினர்கள் நாற்பத்தாறு பேர் என்று அச்சடித்திருக்கும். மற்ற நாற்பத்துநாலு பேரில் பாதி புருஷோத்தமனின் சொந்தக்காரர்கள். அதில் சிலர் காலமானவர்கள்.

விநோதம் என்னவென்றால், உப்பளத்தில் இவளுக்குக் குறை சொல்லி என்றே பெயர். "இன்னா மொதலாளி, உப்புல பாதி மண்ணாக் கெடக்குது, இத யாரு வாங்குவான்?" என்று முகத்துக்கு நேரே கேட்பவள். அந்தக் கையால்தான் குளிர் நாட்டுக்கு அனுப்பிய நூற்றெண்பத்து மூன்று அறிக்கைகளில் ஐந்து ஐந்தாகப் போட்டாள். பாவம், அவ்வளவு தூரத்திலிருந்து பேசுகிறார்களே என்ற இரக்கம்.

அக்டோபர் மூன்றாம் தேதி அந்த நிலையத்திலிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது; தலைவருக்கும் ஒரு நகல் போயிருந்தது. வரவே இருபது நாளாகியிருந்தது. இரண்டு செய்திகள். ஒன்று, இந்த ஆண்டின் சிறந்த நேயர் மன்றம் மரக்காணத்து மன்றமே. இரண்டு, மின்சாரச் செலவு கட்டுபடியாகாததால் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றை அக்டோபர் கடைசி ஞாயிறோடு நிறுத்துகிறோம். மரக்காணம் நேயர்கள் முப்பத்தொரு மீட்டர் அலைவரிசைக்குத் தொடர்ந்து முழு மதிப்பெண் வழங்கி வருவதால் அதை வைத்துக்கொண்டு, அதிகச் செலவாகும் நாற்பத்தொரு மீட்டரை மூடுகிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் பத்தாம் தேதிக்குள் மின்னஞ்சலில் தெரிவிக்கவும்.

மேரிசெல்வி நின்றபடியே இரண்டு முறை படித்தாள். அவள் தினமும் கேட்டது நாற்பத்தொரு மீட்டரில். முப்பத்தொரு மீட்டரில் பக்கத்திலேயே ஒரு பெரிய நாட்டு நிலையம் உட்கார்ந்துகொண்டு கத்தும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஐந்து போட்டு மூடிவிடுவாள்.

உடனே உண்மையை எழுதியிருக்கலாம். அவள் செய்தது வேறு. தான் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட முடியுமா என்று பார்த்தாள்.

அன்று மாலை வீட்டில் மின்விளக்கை அணைத்தாள். மின்விசிறியை, ஃபிரிட்ஜை, கடைசியில் அசோகன் பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள்.

"ஏய், இன்னாடி இது?"

"கரண்டு கொர்ருன்னுது. ரேடியோவுல ஒண்ணும் கேக்கல."

"கரண்டு இருந்தாத்தான்டி டிவி ஓடும்!"

மறுநாள் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரை அணைக்கச் சொல்லிப் போய்ச் சண்டை வந்தது. அதற்கடுத்த நாள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கே போனாள். நாற்பது அடி செம்புக் கம்பியை இரண்டு மூங்கிலுக்கு நடுவே இழுத்துக் கட்டினாள். இன்னொரு கம்பியை ஒரு கடப்பாரையில் சுற்றி உப்புத்தண்ணீர் நின்ற பாத்தியில் இறக்கினாள். உப்பு ஊறிய தரை வானொலிக்கு நல்லது என்பது சரிதான். குளிர் நாடு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்டது. பக்கத்து நிலையமும் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்டது.

கம்பியை இடமாற்றினாள். திசையை மாற்றினாள். வரப்பில் இங்கும் அங்கும் நடந்தாள். பருவமழைக்கு முந்தைய மேகம் கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் ரேடியோ படீரென்று வெடித்தது. அசோகன் டார்ச்சோடு தேடி வந்தான்.

"இடி விழுறப்ப கம்பியப் புடிச்சிக்கினு நிக்கிறியே, பைத்தியமா நீ?"

"ரெண்டுக்கு வந்துச்சு. இன்னும் கொஞ்சம் இழுத்தா மூணு வரும்."

"எனுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ரேடியோ நின்னு போச்சுன்னா, அந்த அரை மணி நேரமும் நீ வூட்டுக்குள்ள சுத்திக்கினேதான் இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்ப வா, நானும் ஒரு பக்கம் இழுக்கிறேன்."

இரண்டு பேர் இழுத்தும் மூன்று வரவில்லை.

ஒன்பதாம் தேதி காலை பிரம்மதேசத்துக்குப் பேருந்து ஏறினாள். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். புருஷோத்தமன் வாசலிலேயே வரவேற்றார்.

"வாம்மா செயலாளரு! சிறந்த மன்றம்! பேனருக்குச் சொல்லிட்டேன். உன் போட்டோ ஒண்ணு குடு."

"தலைவரே, முப்பத்தொண்ணுல உங்களுக்குக் கேக்குதா?"

"மனசு வச்சிக் கேட்டா கேக்கும்."

"நான் காதாலதான் கேக்குறேன். ஆறு நாளு கேட்டுட்டேன். ரெண்டுக்கு மேல போவல. மன்றத்து மெயிலு உங்க போன்லதான இருக்குது, உண்மைய எழுதி அனுப்பிடுங்க."

புருஷோத்தமன் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "ஏம்மா, விருந்துக்குப் போற எடத்துல கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன். உப்பளத்துக்காரி நானே சொல்லலன்னா யாரு சொல்லுவா?"

"பத்தொம்பது வருசமா பொய் சொன்னோம்னு நம்ம வாயாலயே சொல்லணுமா? விருதத் திருப்பிக் கேட்டான்னா? மானம் போயிடும்மா. அனுப்ப முடியாது."

"நிலையமே காதுல வுழாமப் போனப்புறம் மன்றம் எதுக்குங்க?"

"விருது இருக்குதுல்ல."

சரி, ஓட்டெடுப்பு என்றாள். ஒன்றுக்கு ஒன்று வந்தது. சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்பது மன்ற விதி. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

மறுநாள் பத்தாம் தேதி. காலை உப்பு வாரி முடித்து, கால்கூடக் கழுவாமல் கடைத்தெருவிலிருந்த இ-சேவை மையத்துக்குப் போனாள். கணினிக்குப் பின்னால் மையத்துப் பெண் ஜான்சி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஏழு பேர் நின்றார்கள். மேரிசெல்வி வரிசையில் நின்றாள், வெளியே போய் வந்தாள், மறுபடி நின்றாள், யாரோ அதட்டினார்கள். அவள் முறை வர பன்னிரண்டு மணி ஆனது.

"இன்னா அக்கா, வருமானச் சான்றா, சாதிச் சான்றா?"

"ஒரு மெயிலு அனுப்பணும் ஜான்சி. எனுக்குன்னு தனியா ஒரு மெயிலு ஐடி போட்டுக் குடு."

ஜான்சி அவள் கையால் எழுதிக் கொண்டுவந்த தாளை வாங்கித் தட்டச்சு செய்துகொண்டே போனவள் பாதியில் நிமிர்ந்தாள். "அக்கா, இத்த அனுப்பிட்டா உனுக்கு விருது வராதே?"

"வராது. அடி, அடி, நேரமாவுது."

அக்டோபர் பத்தாம் தேதி பகல் பன்னிரண்டு இருபதுக்கு மேரிசெல்வி தன் சொந்தப் பெயரில் அந்த மின்னஞ்சலை அனுப்பினாள். ஆறு நாள் கேட்டதைத் தேதிவாரியாக எழுதி, முப்பத்தொரு மீட்டருக்கு ஐந்துக்கு இரண்டு போட்டாள். இதற்கு முன் அனுப்பிய நூற்றெண்பத்து மூன்று அறிக்கைகளிலும் அந்த அலைவரிசைக்குத் தான் போட்ட மதிப்பெண் பொய் என்றும், நாற்பத்தொரு மீட்டரை மூட வேண்டாம் என்றும், விருதை வேறு மன்றத்துக்குக் கொடுத்துவிடும்படியும் எழுதியிருந்தாள்.